சர்க்கரை ஸ்கேனில் ஒளிராத கட்டியை கேலியம் ஸ்கேன் காட்டுமா?

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 58. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் காந்தும். வெயில் சூடு, தண்ணீர் சேரவில்லை என்றே நினைத்தோம். போன வருடம் சிடி ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு கட்டியும், கல்லீரலில் நாலைந்து கட்டிகளும் தெரிந்தன. பயாப்ஸியில் நியூரோ எண்டோகிரைன் கட்டி, கிரேடு 2, கி-67 நான்கு சதவீதம் என்று வந்தது. அதன்பின் ஓர் இடத்தில் பெட் ஸ்கேன் எடுத்தோம். எங்கும் அதிகச் செயல்பாடு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மதுரையில் பார்க்கும் டாக்டர் மாதாந்திர ஆக்ட்ரியோடைடு ஊசியை ஆரம்பித்துவிட்டு, இன்னொரு பெட் ஸ்கேன், கேலியம் டோட்டாடேட் என்று, எழுதியிருக்கிறார். ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு மறுபடியும் ஏன்? உடம்பில் கதிரியக்க ஊசி போட்டால் வீட்டில் உள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு ஆபத்தா? அப்பாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, ஊசி ஒத்துக்கொள்ளுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தைராய்டு ஸ்கேன் எடுத்தபோது மீனும் உப்பும் சாப்பிடக் கூடாது என்றார்கள், இதற்கும் அப்படியா? அப்பா, "மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது பார்க்கலாம்" என்கிறார். என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், பாம்பன்)

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மதுரை டாக்டர் எழுதிய ஸ்கேன் தேவையான ஸ்கேன்தான். முதல் பெட் ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை என்பதால் அப்பாவுக்குக் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. பெட் ஸ்கேனே நல்லபடியாக வந்துவிட்டது, இனி எதற்கு அலைச்சல் என்று ஊசியையும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நிற்காமல் எழுதிக் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

பெட் ஸ்கேன் என்பது ஒரே பரிசோதனையின் பெயர் கிடையாது. மெஷின் ஒன்றுதான், ஊசியில் ஏற்றும் பொருள் வேறு வேறு. உங்கள் அப்பாவுக்கு முதலில் எடுத்தது பெரும்பாலும் எஃப்டிஜி ஸ்கேனாக இருக்கும். ரிப்போர்ட்டின் முதல் பத்தியில் எழுதியிருப்பார்கள், பாருங்கள். எஃப்டிஜி என்பது சர்க்கரை போன்ற ஒரு மூலக்கூறு. அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்த்திருக்கும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அள்ளி அள்ளி எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த இடங்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். நுரையீரல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் எனப் பலவற்றுக்கு இது அருமையான ஸ்கேன்.

உங்கள் அப்பாவுக்கு இருக்கும் நியூரோ எண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் கட்டி, அந்த வகையில் சேராது. கி-67 நான்கு சதவீதம் என்றால், பயாப்ஸியில் எண்ணிப் பார்த்த நூறு கட்டிச் செல்களில் சுமார் நான்குதான் பெருகும் நிலையில் இருக்கின்றன என்று பொருள். மூன்றுக்குக் கீழே இருந்தால் கிரேடு 1, மூன்றிலிருந்து இருபது வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. அப்பாவுடையது கிரேடு 2-இன் அடிப்படியில் நிற்கிறது. மெதுவாக வளரும் கட்டி சர்க்கரைக்கு அவ்வளவு பறக்காது. பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லீரல் எடுத்துக்கொள்ளும் அளவுக்கே அதுவும் எடுத்துக்கொண்டால், படத்தில் பிரித்துக் காட்ட எதுவும் இருக்காது. சிடியில் கண்ணால் பார்த்த கட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன, எஃப்டிஜியில் ஒளிரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எஃப்டிஜியில் ஒளிராதது ஒரு வகையில் நல்ல சேதிதான். கட்டி நிதானமானது என்று பயாப்ஸி சொன்னதை அது ஆமோதிக்கிறது. ஆகவே அந்த ஸ்கேனுக்குச் செலவழித்த பணம் வீணாகவில்லை. அந்தப் படங்கள் உள்ள குறுந்தட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது கேலியம் ஸ்கேனுக்கு வருகிறேன்.

நம் உடம்பில் சோமாட்டோஸ்டாட்டின் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. 14 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு சின்னப் புரதத் துண்டு. 1973-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லெமினின் குழு ஆட்டு மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது. மூளை சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1977-இல் கில்லெமினுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்த ஹார்மோனின் வேலை அடக்குவது. குடலும் கணையமும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் சுரக்கும் பல பொருள்களை, போதும் என்று நிறுத்தி வைக்கும். அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேல்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. ரிசெப்டர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சோமாட்டோஸ்டாட்டினுக்கு ஐந்து வகை ஏற்பிகள் உண்டு. நியூரோ எண்டோகிரைன் கட்டிகளில் பெரும்பாலானவை, குறிப்பாகச் சிறுகுடலில் தொடங்குபவை, இரண்டாம் வகை ஏற்பியை மேல்பரப்பில் ஏராளமாக வைத்திருக்கின்றன.

இயற்கையான சோமாட்டோஸ்டாட்டின் ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடங்களில் சிதைந்துவிடும். அதை வைத்து மருந்தும் செய்ய முடியாது, படமும் எடுக்க முடியாது. அதனால் அதன் முக்கியமான பகுதியை மட்டும் வைத்து, எட்டு அமினோ அமிலங்களில், எளிதில் சிதையாத ஒரு துண்டைச் செய்தார்கள். அதுதான் ஆக்ட்ரியோடைடு. ஆம், உங்கள் அப்பாவுக்கு மாதாமாதம் இடுப்பில் போடுகிறார்களே, அதே மருந்து. டோட்டாடேட் அதற்கு மிக நெருங்கிய உறவு. அந்தத் துண்டின் ஒரு முனையில் டோட்டா என்ற வளைய மூலக்கூறைக் கட்டியிருப்பார்கள். அந்த வளையத்துக்குள் கேலியம்-68 என்ற கதிரியக்க அணு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஊசி வழியாக ரத்தத்தில் கலந்ததும் புரதத் துண்டு தன் ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் அதை உள்ளேயும் இழுத்துக்கொள்கிறது. ஒட்டாமல் மிஞ்சியது சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், ஏற்பி அதிகமுள்ள இடங்களில் கேலியம் தேங்கி நிற்கும்.

கேலியம்-68 சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளியே விடுகிறது. அது சில மில்லிமீட்டர் போவதற்குள் ஓர் எலக்ட்ரானோடு மோதி மறைந்து, இரண்டு காமா கதிர்களாக நேர் எதிர்த் திசைகளில் பாய்கிறது. உங்கள் அப்பாவைச் சுற்றியிருக்கும் வளைய மெஷின் இந்த இரட்டைக் கதிர்களை ஒரே கணத்தில் பிடித்து, இந்தக் கோட்டில்தான் எங்கேயோ புறப்பட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறது. லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துப் படமாக்கிவிடுகிறது. கூடவே எடுக்கும் சிடி, அந்த ஒளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று இடம் காட்டும்.

அப்பாவுக்கு இதை விளக்க வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள்: ராத்திரியில் கடலில் கிடக்கும் வலை கண்ணுக்குத் தெரியாது, மிதவையில் கட்டிய விளக்குத்தான் வலை எங்கே போகிறது என்று காட்டும். கேலியம்தான் அந்த விளக்கு. மிதவை கட்டாத வலையும் கடலில் கிடக்கலாம் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் தம்பி உங்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. இந்த ஸ்கேன் நேரடியாகக் காட்டுவது ஏற்பியைத்தான். ஏற்பி இருக்கும் கட்டி ஒளிரும். ஏற்பி இல்லாத கட்டி இருட்டாக இருக்கும். வேகமாக வளரும் கிரேடு 3 கட்டிகள் பல நேரம் ஏற்பிகளை இழந்துவிடும். அவை கேலியத்தில் மங்கி, எஃப்டிஜியில் ஒளிரும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டிகள் எந்தப் பெட் ஸ்கேனிலும் தப்பிவிடலாம். ஆகவே கேலியம் ஸ்கேனில் ஒன்றும் ஒளிரவில்லை என்று ஒருவேளை வந்தாலும் அதைக் கொண்டாட வேண்டாம். கட்டி இருப்பது பயாப்ஸியிலேயே உறுதியாகிவிட்டதால், அப்போது அதன் பொருள் 'ஏற்பி வழியான சிகிச்சை இவருக்கு உதவாது' என்பதுதான்.

ஆக, இந்த ஸ்கேன் எடுப்பதன் முழு நோக்கமும் இதில் அடங்கியிருக்கிறது. கட்டி எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பது ஒரு பாதி. எலும்பிலோ நிணநீர் முடிச்சிலோ சிடிக்குத் தெரியாத கட்டிகளை இது பல நேரம் கண்டுபிடிக்கும். அறுவை சிகிச்சை செய்யலாமா, வேண்டாமா என்ற முடிவே மாறிப்போகும். மறு பாதி, கட்டி எந்த மருந்துக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது என்று அறிவது. இதே டோட்டாடேட்டில் கேலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177 என்ற வேறொரு கதிரியக்க அணுவை வைத்துக் கொடுத்தால், அது படம் எடுக்கும் பொருளாக இல்லாமல் சிகிச்சையாகிவிடும். லுட்டீசியம் பீட்டா கதிர்களை வெளியிடும். அவை ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் தம் சக்தியைக் கொட்டி, ஒட்டியிருக்கும் கட்டிச் செல்லையும் அதை அடுத்த செல்களையும் தாக்கும். கேலியம் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று இருந்தால்தான் லுட்டீசியமும் அங்கே போய்ச் சேரும். படமே சிகிச்சைக்கு ஒத்திகை. அணு மருத்துவம் என்ற என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. மருந்து கொடுக்கும் முன்பே அது எங்கே போகும் என்று கண்ணால் பார்த்துவிட முடிகிற இடங்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

இது புதிதாக முளைத்த வித்தையும் கிடையாது. 1989-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எரிக் கிரென்னிங்கும் கூட்டாளிகளும் கதிரியக்க அயோடின் சேர்த்த ஆக்ட்ரியோடைடு வகையைக் கொண்டு இந்தக் கட்டிகளை முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். 1994-இல் இண்டியம்-111 கொண்ட ஸ்கேன் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோயாளி இரண்டு நாள் வந்து போக வேண்டும், படமும் மங்கலாக இருக்கும். கேலியம் டோட்டாடேட்டுக்கு 2016-இல் அங்கே அங்கீகாரம் கிடைத்தது. இப்போது சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, படமும் எவ்வளவோ தெளிவு.

சரி, பயத்துக்கு வருவோம்.

கேலியம்-68 அணுக்களில் பாதி 68 நிமிடத்தில் சிதைந்துவிடும். மீதியில் பாதி அடுத்த 68 நிமிடத்தில். ஐந்து மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்; அரை நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இடையில் சிறுநீரில் போவது தனிக் கணக்கு. ஊசியில் உள்ள புரதத் துண்டின் அளவு 50 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவு. அது உடம்பில் எதையும் செய்ய வைக்கும் அளவு இல்லை. கதிர்வீச்சைப் பொறுத்தவரை, கேலியம் ஊசியிலிருந்து கிடைப்பது சுமார் 3 முதல் 4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூட எடுக்கும் சிடியில் இன்னும் சில மில்லிசீவர்ட் சேரும், முழுத் தரத்தில் எடுத்தால் கூடுதலாக. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. உடம்பு எரிந்துவிடும், முடி கொட்டிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதெல்லாம் இதற்குப் பொருந்தாது. கல்லீரலுக்குப் பரவிய கட்டி உள்ள 58 வயதுக்காரருக்கு இந்த ஸ்கேனால் கிடைக்கும் பலன், அந்தச் சிறு கதிர்வீச்சைவிடப் பல மடங்கு பெரிது.

குழந்தை விஷயம்: ஸ்கேன் நாளன்று குழந்தையையும், வீட்டில் கர்ப்பமாக யாராவது இருந்தால் அவரையும் மதுரைக்குத் துணைக்கு அழைத்துப் போக வேண்டாம். ஊசி போட்டபின் காத்திருக்கும் அறையில் அவர்கள் இருக்கக் கூடாது. ஸ்கேன் முடிந்து, சாப்பிட்டு, பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் பாம்பன் வந்து சேரும்போது பெரும்பகுதி கேலியம் சிதைந்துபோயிருக்கும். அன்று ராத்திரி மட்டும் பேரப்பிள்ளையை நெஞ்சில் போட்டுத் தூங்க வைக்காமல் இருக்கட்டும். மறுநாள் காலையிலிருந்து எந்தத் தடையும் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். தட்டு, துணி என்று எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் கதை வேறு. தைராய்டுக்குக் கொடுப்பது கதிரியக்க அயோடின். தைராய்டு அயோடினைத் தேடி எடுத்துக்கொள்ளும் சுரப்பி. சாப்பாட்டிலேயே அயோடின் நிறைந்திருந்தால் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. அதனால்தான் அயோடின் கலந்த உப்பு, கடல் மீன், கடல்பாசி எல்லாவற்றையும் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். பாசி எடுக்கும் குடும்பங்கள் உள்ள உங்கள் பக்கத்தில் அது முக்கியமான அறிவுரைதான். சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131 பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகும் என்பதால், அந்த நோயாளிகளைத் தனி அறையில் வைப்பார்கள். கேலியம் ஸ்கேனில் அயோடினுக்கு வேலையே இல்லை. அப்பா மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். எஃப்டிஜிக்குப் போனபோது வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள். பொதுவாக இதற்கு அதுகூடத் தேவையில்லை. சிடி படம் தெளிவாகத் தெரிய கான்ட்ராஸ்ட் என்ற மருந்து கொடுக்கும் இடங்களில் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்லலாம், சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறால் விஷயத்தில் கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். இறால் ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அதன் தசையில் உள்ள டிரோபோமயோசின் என்ற புரதத்தால். கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. டோட்டாடேட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கவனிக்க வேண்டியது வேறு: போன வருடம் சிடி எடுத்தபோது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் அப்பாவுக்கு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஊழியரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அண்மையில் எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். வயிற்றுப்போக்கு அதிகமாக இருக்கும் ஆளுக்கு அது ஏறி இறங்கும்.

மாதாந்திர ஊசி இன்னொரு முக்கியமான விஷயம். அந்த ஆக்ட்ரியோடைடும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. அதனால் வழக்கமாக அடுத்த ஊசி போட வேண்டிய தேதிக்குச் சற்று முன்னால், பழைய ஊசியின் பலம் குறைந்திருக்கும் நாட்களில், ஸ்கேனை வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஸ்கேனுக்காக ஊசியை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்ட பிறகு எடுத்த படங்களிலும் கட்டிகள் நன்றாகவே தெரிகின்றன என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஊசி விட்டுப்போனால் வயிற்றுப்போக்கும் காந்தலும் திரும்பி வந்து ஆளைச் சாய்த்துவிடும். நடுக்கடலில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்யும்போது கடைசி ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். எந்த நாளில் ஸ்கேன் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

நேரம் தவறாமல் போவதும் ரொம்ப முக்கியம். கேலியத்தை மருந்துக் கடையில் வாங்கி வைக்க முடியாது. ஜெர்மானியம்-68 அடைத்த ஒரு சிறு கருவியிலிருந்து சென்டரில் அன்றன்றைக்குக் கறந்து எடுக்க வேண்டும். அந்த ஜெர்மானியம் 271 நாளில் பாதியாகும், அதனால் கருவி மாதக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால், அடுத்த தடவைக்குப் போதுமான கேலியம் சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். எடுத்த கேலியத்தை டோட்டாடேட்டோடு சேர்த்து, தரம் பார்த்து, உங்கள் அப்பா கையில் ஏற்றுவதற்குள்ளேயே அது சிதைந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அவருக்கென்று வைத்த மருந்து பாதிதான் இருக்கும். பாம்பனிலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர். அன்று காலையில் கிளம்பி ஓடுவதைவிட, முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். அங்கே தெரிந்தவர் வீடு இருந்தால் செலவும் மிச்சம். காப்பீட்டு அட்டை இருந்தால் இந்த ஸ்கேனுக்குச் செல்லுமா, முன் அனுமதி வேண்டுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கையில் என்ன கொண்டு போக வேண்டும்? பயாப்ஸி ரிப்போர்ட், போன வருட சிடி, எஃப்டிஜி ஸ்கேன், இவை எல்லாவற்றின் குறுந்தட்டுகளும். வெறும் காகிதம் போதாது. இரண்டு பெட் ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியும் விஷயம் தனியாகப் பார்க்கும்போது தெரியாது.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கட்டிகள் கல்லீரலைவிடப் பளிச்சென்று இருக்கின்றனவா? கிரென்னிங் அளவுகோல் என்று ஒன்று உண்டு, ராட்டர்டாமில் முதல் படம் பிடித்த அதே கிரென்னிங்கின் பெயரில். கல்லீரலைவிட அதிகம் ஒளிர்ந்தால் 3, மண்ணீரலைவிடவும் அதிகமானால் 4. பொதுவாக 3, 4 இருந்தால்தான் லுட்டீசியம் சிகிச்சையைப் பற்றிப் பேச்சே எடுப்போம். அடுத்தது, சிடியில் தெரிந்த எல்லாக் கட்டிகளும் ஒளிர்கின்றனவா, ஏதாவது ஒன்று இருட்டாக நிற்கிறதா என்று கேளுங்கள். நாலு கட்டி ஒளிர்ந்து ஒன்று இருண்டிருந்தால், அந்த ஒன்றைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். மூன்றாவது, புதிய இடம் ஏதாவது தெரிகிறதா?

ரிப்போர்ட்டை நீங்களே படித்துப் பயந்துவிடவும் வேண்டாம். மண்ணீரல், சிறுநீரகம், அட்ரினல், பிட்யூட்டரி இவை எல்லாம் இயல்பாகவே ஒளிரும். கணையத்தின் தலைப்பகுதியில் கொக்கி போன்ற ஓர் இடம் நோயில்லாதவர்களுக்கே லேசாக ஒளிர்வதுண்டு. சிலருக்குப் பிறவியிலேயே கணையத்தின் வால் பக்கம் ஒரு குட்டி மண்ணீரல் இருக்கும். அது கட்டி மாதிரியே காட்டும். வீக்கமோ ஆறிவரும் எலும்பு முறிவோகூட லேசாகத் தெரியலாம். இவற்றைப் பிரித்துச் சொல்வது எங்கள் வேலை.

படம் சாதகமாக இருந்தால் லுட்டீசியம் உடனே வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மாதாந்திர ஊசியிலேயே கட்டி வளராமல் நின்றால், பலருக்கு அதையே தொடர்வோம். வளர ஆரம்பித்தால்தான் லுட்டீசியம்: எட்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணை, சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமில டிரிப்போடு. அப்பாவுக்கு இருப்பது போன்ற சிறுகுடல் கட்டிகளில் செய்த நெட்டர்-1 ஆய்வு 2017-இல் வெளியானது. லுட்டீசியம் பெற்றவர்களில் 20 மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் சுமார் 65 சதவீதம். ஆக்ட்ரியோடைடின் அளவை மட்டும் கூட்டிக் கொடுத்தவர்களில் சுமார் 11 சதவீதம். கட்டி நன்றாகச் சுருங்கியது ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான். நோயை முழுக்க அகற்றும் சிகிச்சை என்று நான் சொல்ல மாட்டேன். பல பேருக்கு நல்ல வருடங்களைக் கொடுக்கும் சிகிச்சை. லுட்டீசியம் பாதியாகக் குறைய ஆறே முக்கால் நாள் ஆகும், அதனால் அப்போது குழந்தையிடமிருந்து விலகியிருக்கும் நாட்கள் கூடும். அதை அப்போது விவரமாகச் சொல்வார்கள்.

இந்த ஸ்கேனோடு சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். முகம் காந்துவதும் வயிற்றுப்போக்கும் கட்டி சுரக்கும் செரட்டோனின் போன்ற பொருள்களால் வருபவை. அவை நாளடைவில் இதயத்தின் வலது பக்க வால்வுகளைத் தடிக்க வைக்கலாம். அப்பாவுக்கு இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், சின்னதாக இருந்தாலும், இந்தக் கட்டி இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேசையிலேயே ரத்த அழுத்தம் தாறுமாறாகப் போகக் கூடும்.

தடைக்காலம் வரட்டும் என்கிறார் அப்பா. அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் வருமானம் போச்சு. ஆனால் ஏப்ரல் 15 வரை காத்திருந்து, அதன்பிறகு தேதி வாங்கி, ரிப்போர்ட் வாங்கி, டாக்டரைப் பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மெதுவாக வளரும் கட்டி என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆவதில் கேடில்லை, மாதக்கணக்கில் தள்ள வேண்டாம். ஸ்கேனுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும், அதற்கு அடுத்த நாளே அவர் படகேறலாம். ஊசியால் உடம்பில் எந்த அசதியும் வராது. படகில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கூடப் போகிறவர்களுக்கும் நோயைப் பற்றித் தெரிந்திருக்கட்டும். அடுத்த ஆக்ட்ரியோடைடு ஊசி எந்தத் தேதி என்று இன்றே பார்த்து, அதற்கு முந்தின வாரத்தில் ஸ்கேனுக்குத் தேதி கேளுங்கள்.